சவரியண்ணனின் பெட்டிப் பக்கம்

சவரிமுத்து அண்ணன் இறந்த செய்தி அவருடைய போனிலிருந்தேதான் எனக்கு வந்தது. காலை எட்டு மணி இருக்கும். பேப்பரும் கையுமாக வாசலில் உட்கார்ந்திருந்தேன். திரையில் அவர் பெயரைப் பார்த்ததும் எடுக்காமல் விட்டுவிட்டேன். அவர் கூப்பிட்டால் முதல் தடவை நான் எடுப்பதில்லை, பல வருடப் பழக்கம் அது. மனதைக் கொஞ்சம் திடப்படுத்திக்கொண்டு பிறகு நானே கூப்பிடுவேன். அன்றைக்கு உடனே மறுபடியும் அடித்தது. எடுத்தால் அவர் மனைவி லூர்து மதினியின் குரல்.

“தம்பி, அவிய போயிட்டாவ.”

நான் கேட்ட முதல் கேள்வியை எழுதவே வெட்கமாக இருக்கிறது. “எங்கன அடிபட்டுச்சு மதினி?” என்று கேட்டேன்.

“அடி ஒண்ணும் படல. கட்டில்ல உக்காந்து டீ குடிச்சிட்டு இருந்தாவ. நெஞ்சப் பிடிக்குன்னாவ, அம்புட்டுதான்.” கொஞ்ச நேரம் அழுதார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “வெரசா வாங்க தம்பி. ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்” என்றார்.

என்னவென்று நான் கேட்பதற்குள் அங்கே யாரோ வந்துவிட்டார்கள், போன் அணைந்துவிட்டது.

கோவில்பட்டியிலிருந்து கயத்தாறுக்குப் பேருந்தில் அரை மணி நேரம். இழவு வீட்டுக்குப் போகிறவனுக்குத் துக்கம் இருக்க வேண்டும். எனக்குத் துக்கம் பின்னால்தான் வந்தது, முன்னால் ஏறி உட்கார்ந்திருந்தது பயம். என்ன கேட்கப்போகிறார் என்று எனக்குத் தெரியும்போலவும் இருந்தது, தெரியாததுபோலவும் இருந்தது.

அவரோடு ஆடியவர்கள், அவர் கோலில் நின்றதைக் கம்பிக் கிராதியைப் பிடித்துக்கொண்டு பார்த்தவர்கள், அவர் கடையில் டீ குடித்தவர்கள் இதைப் படிப்பீர்கள். சவரிமுத்துவைப் பற்றி இவன் என்ன புதிதாகச் சொல்லிவிடப் போகிறான் என்று நினைப்பீர்கள். ஒன்று இருக்கிறது. அதை அவரிடமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததால் உங்களிடம் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. கோவில்பட்டியில் எங்கள் முதலாளியைப் பெரிய அண்ணாச்சி என்போம். அவருக்கும் அவருடைய மூன்று மகன்களுக்கும் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியும் ஒரு ஹாக்கி டீமும் இருந்தன. எதை முதலில் சொல்ல வேண்டும் என்பதில் அந்த வீட்டிலேயே தகராறு உண்டு. கம்பெனி லாபம் தருகிறது, டீம் மரியாதை தருகிறது என்பார் அண்ணாச்சி. ஆட்டக்காரர்கள் எல்லோரும் கம்பெனிப் பதிவேட்டில் தொழிலாளிகள். விடிந்ததும் மைதானம், வெயில் ஏறியதும் வேலை. சவரியண்ணனுக்குத் தீக்குச்சித் தலையில் மருந்து முக்கும் இடத்தில் வேலை, எனக்குப் பண்டல் கட்டும் இடத்தில். மைதானத்தில் அவர் கோல் கீப்பர். நான் அவருக்கு முன்னால் நிற்கும் ‘பேக்’, தடுப்பாட்டக்காரன்.

சம்பளத்தைவிட வீடுதான் எங்களைக் கட்டிப்போட்டிருந்தது. கம்பெனிக்குப் பின்னால் வரிசையாக ஓட்டு வீடுகள். ஆடுகிறவனுக்கு ஒரு வீடு. ஆட்டத்தை விட்டால் அந்த மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும், ஏனென்றால் அவன் இடத்துக்கு வருகிறவன் பெட்டியும் படுக்கையுமாக வந்து நிற்பான். அண்ணாச்சி இதில் யாருக்கும் வளைந்து கொடுத்ததில்லை, சொந்தத் தங்கை மகனுக்கும்கூட. சவரியண்ணன் மகள் செல்வி அப்போது பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதுசு. அந்த வீட்டு வாசலில் மதினி இரண்டு முருங்கையும் ஒரு கறிவேப்பிலையும் வைத்திருந்தார்.

அண்ணாச்சிக்கு இன்னொரு வழக்கம் இருந்தது. எல்லா முதலாளிகளும் நடுக்கோட்டுக்கு நேரே பந்தலில் உட்காருவார்கள். இவர் எங்கள் கோலுக்குப் பின்னால், வலையை ஒட்டி, பிரம்பு நாற்காலி போட்டு, கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். “கீப்பர் முதுகப் பாத்தாலே டீமு தெரிஞ்சு போவும்லே” என்பார். நாங்கள் மூச்சு விடுவதுகூட அவருக்குக் கேட்கும்.

மைதானம் கரிசல். கரிசலில் ஹாக்கி ஆடுவது நடக்கிற காரியமில்லை. மழை பெய்தால் காலோடு ஒட்டிக்கொண்டு வரும், கோடையில் கை போகிற அளவுக்கு வெடிக்கும். அண்ணாச்சி லாரி லாரியாகச் செம்மண் கொண்டுவந்து மேலே பரப்பியிருந்தார். ஆனாலும் பங்குனி பிறந்தால் கீழே இருக்கிற வெடிப்பு மேலே வந்துவிடும். நேராக உருண்டு வருகிற பந்து வெடிப்பில் பட்டால் எந்தப் பக்கம் எம்பும் என்று சொல்ல முடியாது. நான் அந்தத் தரைக்குப் பயந்தேன். பந்துக்குப் பயந்தேன். உண்மையைச் சொன்னால், நான் ஹாக்கி ஆடியதே வீட்டுக்காகத்தான்.

அன்று காலை பெனால்டி கார்னர் பழகிக்கொண்டிருந்தோம். எதிரே இருப்பவன் பந்தை ஓங்கி அடிக்கும்போது கோல் கோட்டிலிருந்து ஓடிப்போய் மட்டையைக் குறுக்கே வைப்பது என் வேலை. ஓடினேன். அவன் மட்டையை ஓங்கியதைப் பார்த்தேன். அதற்குமேல் நான் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டேன். மட்டை மட்டும் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. பந்து அதன் விளிம்பில் பட்டு மேலே எகிறி எனக்குப் பின்னால் போனது. சத்தம் கேட்டுத் திரும்பினேன். சவரியண்ணன் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு முழங்காலில் இருந்தார்.

கண்ணைத் திறந்து வைத்திருந்தால் பந்து என் மட்டையில் நின்றிருக்கும், இல்லாவிட்டால் என் முழங்காலை உடைத்திருக்கும். எல்லோரும் ஓடி வந்து, “வெடிப்புல பட்டு எம்பிருச்சு” என்றார்கள். தரையைத் திட்டினார்கள். நானும் சேர்ந்து திட்டினேன். மறுநாள் அண்ணாச்சி இன்னும் நான்கு லாரி செம்மண் கொட்டச் சொன்னார்.

வீக்கம் பத்து நாளில் வடிந்தது. அவர் திரும்பவும் கோலில் நின்றார். தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன். மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தேன். மதுரையில் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்திருந்தார். என்னை ஒரு தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தி, வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டார்.

“சுப்பு, நீ இப்ப சிரிக்கியா, மொறைக்கியா?”

“சும்மாதான் நிக்குதேன் அண்ணே.”

“எனக்கு ஒன்னயவே தெரியல” என்றார். கோபமில்லாமல், கடையில் சாமான் இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னார். உள்ளே நரம்பு போய்விட்டதாம், இனி வராதாம். இருக்கிற கண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், முகத்துக்கு அடி வரும் வேலை எதுவும் கூடாது என்று டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். அந்தச் சீட்டைக் காட்டினார். பிறகு நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“அண்ணாச்சிட்ட சொல்லிருவோம் அண்ணே” என்றேன்.

“சொன்னா வீடு போவும். செல்வி படிப்பு நடுவுல நிக்கும். சொல்லாண்டாம்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “எடது பக்கம் வாரத நீ பாத்துச் சொல்லு. நீ சொன்னாப் போதும்” என்றார்.

டீமில் என்னைவிடத் தைரியசாலிகள் எட்டுப் பேராவது இருந்தார்கள். அவர் ஏன் என்னைக் கேட்டார் என்பது எனக்கு விளங்கவில்லை. மாட்டேன் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை. சரியென்றேன்.

எப்படிச் சொல்வது என்பது அடுத்த பிரச்சினை. லெஃப்ட் ரைட் என்று நான் ஆட்டம் முழுக்கக் கத்தினால் எதிராளிக்கு நாலாவது நிமிடத்தில் விளங்கிவிடும். வலைக்குப் பின்னால் இருக்கும் அண்ணாச்சிக்கு அதற்கு முன்னாலேயே விளங்கும். வழி சொன்னது அவர்தான். தீப்பெட்டி உரசும்போது குச்சி எந்தக் கையில், பெட்டி எந்தக் கையில்? வலது கையில் குச்சி, இடது கையில் பெட்டி. அவ்வளவுதான். வலப்பக்கம் வந்தால் நான் “குச்சி” என்பேன். இடப்பக்கம் வந்தால் “பெட்டி”. அவருக்குத் தெரியாத பக்கம் பெட்டிப் பக்கம் ஆயிற்று.

இரண்டு ஆட்டம் முடிந்ததும் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார்.

“ஏம்லே, ஆட்டத்துக்கு நடுவுல பெட்டி பெட்டின்னு கூவுதிய?”

சவரியண்ணன் காலில் கட்டியிருந்த ‘பேட்’ மெத்தையைக் கழற்றியபடியே, “கம்பெனி நெனப்புதான் அண்ணாச்சி” என்றார். அண்ணாச்சி முகம் மலர்ந்துவிட்டது. மறுநாள் டீம் முழுவதற்கும் ஆளுக்கு ஒரு பாக்கெட் கடலைமிட்டாய் வந்தது. என் பங்கை நான் தின்னவில்லை. சவரியண்ணன் அதையும் சேர்த்துத் தின்றார்.

இப்படி ஆறு வருடம். அந்த ஆறு வருடத்தில் அவர் எத்தனை கோலைத் தடுத்தார் என்பதை நீங்கள் பேசிக்கொள்வீர்கள். நான் பார்த்தது வேறு. ஒவ்வொரு அடியும் அவருடைய வலது கண்ணைத் தேடிக்கொண்டு போவதாகவே எனக்குத் தோன்றும். பந்து மட்டையைத் தொடும் சத்தம் கேட்டால் கழுத்தில் வியர்க்கும். ஆட்டம் முடிந்ததும் முதலில் அவர் முகத்தைப் பார்ப்பேன், பிறகுதான் யார் ஜெயித்தது என்று கேட்பேன். நடுவில் கம்பி போட்ட தலைக்கவசம் ஒன்றை அண்ணாச்சி சென்னையிலிருந்து வாங்கிக் கொடுத்தார். நான் பிழைத்தேன் என்று பெருமூச்சு விட்டேன். ஒரே வாரத்தில் அவர் அதை ஆணியில் மாட்டிவிட்டார். வேக்குது என்று அண்ணாச்சியிடம் சொன்னார். என்னிடம் மட்டும், “இருக்கதே ஒண்ணு. அதையும் கம்பி மறைக்கி” என்றார்.

கூட ஆடியவர்களுக்கு ஒரு சந்தேகமும் வந்ததில்லை. கூட்டத்தில் யாரைப் பார்த்தாலும் அவர் தலையைச் சாய்த்துத்தான் பார்ப்பார். அதைத் திமிர் என்றார்கள். எதிர் டீமில் ஒருவன் கைகொடுக்க இடப்பக்கமாக வந்து, அவர் கவனிக்காமல் போனதற்குச் சண்டைக்கே வந்துவிட்டான். “நல்லா இருக்க கண்ணு ரெண்டும் இருந்து என்னய்யா, மரியாதை தெரியலையே” என்றான். சவரியண்ணன் சிரித்து அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் அங்கே நிற்க முடியாமல் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

கடைசி ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். கோடைப் போட்டியின் இறுதி ஆட்டம். எதிரே வந்தது சிவகாசிப் பக்கத்து டீம், அவர்களும் தீப்பெட்டிக் கம்பெனிக்காரர்கள்தான். எனக்கு முந்தின நாளே காய்ச்சல். தொண்டை கட்டிக் குரல் கரகரவென்று ஆகிவிட்டது. சவரியண்ணனிடம் சொன்னேன். “கேக்கிற மாதிரி கத்து, போதும். காக்கா கொரலானாலும் ஒங்கொரல் எனக்குத் தெரியும்” என்றார்.

அந்தக் காலச் சட்டத்தில் மட்டையைத் தோளுக்குமேல் தூக்கினால் தப்பு. நாங்கள் ‘ஸ்டிக்’ என்று நடுவரிடம் முறையிடுவோம். சிவகாசிக்காரர்கள் அதற்கு என்ன சொல்வார்கள் என்று யோசிக்க எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. இரண்டாம் பாதியில் பந்து எங்கள் கோல் வட்டத்துக்குள் இடப்பக்கமாக வந்தது. நான் மட்டையைக் கொஞ்சம் தூக்கிவிட்டேன் போலிருக்கிறது. அவர்களில் ஒருவன், வெயிலில் கத்திக் கத்தித் தொண்டை போனவன், “குச்சி! சார், குச்சி!” என்று அலறினான். அவர்கள் ஊரில் ‘ஸ்டிக்’குக்கு அதுதான் பெயர்.

கரகரத்த குரலில் ‘குச்சி’ என்று கேட்டதும் சவரியண்ணன் வலப்பக்கம் பாய்ந்தார்.

நான் “பெட்டி” என்று கத்தினேன். அது என் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டிருக்கிறது. பாய்ந்தவர் பாதியில் முகத்தைத் திருப்பினார். திருப்பிய முகத்தில், வலது புருவத்துக்குமேல், பந்து விழுந்தது. அது கோலுக்குள் போகவில்லை. அவர் முகத்தில் பட்டு வெளியே போயிற்று. தடுத்தார் என்று கூட்டம் கை தட்டியது.

நான் ஓடினேன். செம்மண்ணில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். புருவம் கிழிந்து கண் முழுக்க ரத்தம். இரண்டு கையையும் தரையில் ஊன்றிக்கொண்டு, முகத்தை மேலே தூக்கி, மெதுவாகக் கேட்டார்.

“சுப்பு, மேகம் போட்டிருக்கா?”

சித்திரை மாதம், நான்கு மணி. வானத்தில் ஒரு கை அளவு மேகம்கூட இல்லை. வெயில் கண்ணைக் குத்தியது. எனக்குப் பதில் வரவில்லை. தொண்டை கட்டியதால் வரவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அது பொய்.

வலைக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்தது. அண்ணாச்சி வலையைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார். குடையைச் சவரியண்ணன் தலைக்குமேல் பிடித்தார். “ஆமா சவரி, மேகமாத்தான் இருக்கு. அசையாம இரி” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். ஆறு வருடமாக எங்களிடம் கேட்காத கேள்விகளெல்லாம் அந்தப் பார்வையில் இருந்தன.

தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். துணியை வைத்து அழுத்தினார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. துணியை எடுத்ததும் அவர் இமையைக் கொட்டிக் கொட்டிப் பார்த்தார். “கொடைக் கம்பி ஒண்ணு வளஞ்சிருக்கு அண்ணாச்சி” என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

மறு வாரம் எங்கள் இருவரையும் ஆபீஸுக்குக் கூப்பிட்டார் அண்ணாச்சி. டாக்டர் சீட்டை வாங்கிப் படித்தார். நரைத்த மீசையைத் தடவிக்கொண்டார்.

“ஒத்தக் கண்ணன் முதுகுக்குப் பின்னால ஆறு வருசம் சேர் போட்டு உக்காந்திருந்திருக்கேன். எவன் அடிச்ச பந்தாவது வலையக் கிழிச்சிட்டு வந்திருந்தா எங்கதி என்னலே?” என்றார். சிரிக்கச் சொன்னாரா, திட்டினாரா என்று எங்களுக்குப் புரியவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, “இனி நீ நிக்காண்டாம். ஒன் கண்ணுப் பாவம் எனக்கு வேண்டாம்” என்றார். கம்பெனி வாசலில் காவல் வேலை தருவதாகச் சொன்னார். வீட்டைப் பற்றிச் சவரியண்ணன் கேட்கவில்லை. அண்ணாச்சியும் சொல்லவில்லை. புது கீப்பர் மாதக் கடைசியில் வந்துவிட்டான்.

காவல் வேலை வேண்டாமென்று சவரியண்ணன், லூர்து மதினியின் ஊரான கயத்தாறுக்குக் கிளம்பினார். சாமான் ஏற்றிய டெம்போவில் நானும் பின்னால் உட்கார்ந்து போனேன். நான் மட்டும் வீட்டை விடவில்லை. இன்னும் நான்கு வருடம் ஆடினேன். அவரோடு நானும் வெளியேறியிருக்கலாம் என்று பிற்பாடு பல தடவை நினைத்திருக்கிறேன். நினைப்பதற்கு என்ன செலவு. அன்றைக்கு டெம்போவில் எப்படியாவது சொல்லிவிடுவது என்றுதான் ஏறினேன். இடைசெவல் தாண்டியதும் ஆரம்பித்தேன்.

“அண்ணே, மொத மொத ஒரு பந்து பட்டுச்சே, அன்னைக்கு…”

“எந்தப் பந்து? ஆயிரம் பந்து வந்திருக்கு” என்றார். “கயிறப் பிடி, பீரோ சரியுது.”

பிடித்தேன். அதோடு அந்தப் பேச்சு போயிற்று.

கயத்தாறில் லாரிகள் நிற்கிற இடத்தில் டீக்கடை போட்டார். நன்றாகவே நடந்தது. செல்வி படித்து நர்ஸ் ஆனாள். பெரிய அண்ணாச்சி காலமானதும் மகன்கள் டீமைக் கலைத்துவிட்டார்கள். நான் அவரைப் பார்க்க அடிக்கடி போயிருக்க வேண்டும், போகவில்லை. திருநெல்வேலிக்குப் போகும்போது பேருந்து அவர் கடைக்கு எதிரே நிற்கும். நான் கடை தெரியாத பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்துகொள்வேன். ஒரு தடவை டீ கிளாஸோடு அவர் பேருந்துக்குள்ளேயே ஏறி வந்துவிட்டார்.

“ஏலே, எனக்குத்தான் ஒரு பக்கம் தெரியாது. ஒனக்கு என்ன வந்துச்சு, அந்தப் பக்கமே உக்காந்துட்டுப் போற?”

பேருந்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டீ சூடாக இருந்தது. அவசரமாகக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

இவ்வளவையும் நினைத்துக்கொண்டுதான் அன்று காலை கயத்தாறில் இறங்கினேன். கடை பூட்டியிருந்தது. வீடு அதற்குப் பின்னால். வாசலில் லாரி டிரைவர்கள் நின்றிருந்தார்கள். உள்ளே கட்டிலில் வெள்ளை வேட்டி போர்த்திக் கிடத்தியிருந்தார்கள். நெஞ்சில் ஜெபமாலை. தலைமாட்டில் கண் வங்கியிலிருந்து வந்த ஒரு மனிதரும் ஒரு பெண்ணும் கையில் ஐஸ் பெட்டியோடு நின்றார்கள். கண் தானத்துக்கு எழுதி வைத்திருந்தாராம். மகள் நர்ஸ் ஆன அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருக்கிறார். எனக்கு அதுவும் தெரியாது.

மதினி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். “வாங்க தம்பி. இவிய கண்ணுல பழைய அடி உண்டான்னு கேக்காவ. எடது கண்ணுல எப்பிடி அடிபட்டுச்சு, எங்கன பட்டுச்சுன்னு எழுதணுமாம். ஒங்களுக்குத்தான் தெரியும். சொல்லுங்க” என்றார்.

அந்த மனிதர் பேனாவைத் திறந்து என்னைப் பார்த்தார். செல்வி பார்த்தாள். வீட்டில் நாற்பது பேர் இருந்தார்கள். பந்து பட்டது என்று மட்டும் சொன்னால் போதும், அவர்களுக்கு வேண்டியது அவ்வளவுதான். வாயைத் திறந்தேன். பயம் என்றால் என்ன என்று ஆறு வருடம் அந்த மைதானத்தில் படித்தவன் நான். அப்போது வந்ததுபோல எப்போதும் வந்ததில்லை.

“ஹாக்கிப் பந்து” என்றேன். “நான் மட்டைய வச்சிருந்தேன். பாத்து வைக்கல. பயத்துல மூஞ்சியத் திருப்பிக் கண்ண மூடிட்டேன். எம்மட்டைல பட்டுத்தான் அவிய கண்ணுக்குப் போச்சு. வெடிப்பு இல்ல மதினி. நான்தான்.”

அந்த மனிதர் எழுதிக்கொண்டார். அவருக்கு அது ஒரு வரி.

மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். “தெரியும் தம்பி” என்றார். “அன்னைக்கு வீட்டுக்கு வந்த ஒடனே சொன்னாவ. நீங்க தலையத் திருப்புனதப் பாத்துக்கிட்டேதான் இருந்தாவளாம்.”

கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

“பொறவு அந்தப் பையனயே போயி பாத்துச் சொல்லச் சொல்லுதியளே, கிறுக்கு பிடிச்சிருக்கான்னு நான் சண்ட போட்டேன். ‘ஒருக்கா கண்ண மூடுனவன் மறுக்கா மூட மாட்டான் லூர்து. மத்தவன் ஆட்டத்தப் பாப்பான், இவன் என்னயப் பாத்துக்கிட்டே இருப்பான்’ன்னாவ.”

அந்த மனிதர் குனிந்து டார்ச் அடித்து இமைகளைத் தூக்கிப் பார்த்தார். எல்லோரையும் வெளியே இருக்கச் சொன்னார். நான் எழுந்து, இடது கண்ணை விட்டுவிடலாமே, அதில் பார்வை இல்லையே என்றேன். அவர் பொறுமையாகச் சொன்னார். பார்வை போனது உள்ளே இருக்கிற நரம்பால். எடுத்து வைக்கப்போவது முன்னால் இருக்கும் கருவிழி. அது தழும்பில்லாமல் கண்ணாடியாக இருக்கிறது. “ரெண்டுமே ஆகும் சார். ரெண்டு பேருக்குப் பார்வை வரும்” என்றார்.

இந்தப் பக்கத்து ஆட்களுக்குத்தான் பெரும்பாலும் வைப்பார்களாம். யாருக்கு என்று கேட்டேன். சொல்லக் கூடாதாம், சட்டமாம்.

அடக்கம் முடிந்து ஊர் திரும்பியபின் தினமும் கடைவீதிக்குப் போகிறேன், பேருந்தில் ஏறுகிறேன், ரயில்வே கேட்டில் காத்து நிற்கிறேன். எதிரே யாராவது என்னைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், அது அண்ணனுடைய கண்ணாக இருக்குமோ என்று தோன்றுகிறது. சவரியண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, மறுக்கா மூட மாட்டான் என்ற அந்த ஒரு பேச்சைத்தான். பயமாகத்தான் இருக்கிறது. முகத்தைத் திருப்பாமல் நானும் பார்க்கிறேன்.